காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள்: பருவ வயதும் மாதவிடாயும்

நமது நலச்சங்கத்தின் மகளிர் குழு சமுதாயக் கூடத்தில் நடத்திய ஞாயிறு மாலைக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை இது. வர முடியாதவர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.



"பெண்கள் மட்டும்" என்று போர்டு வைக்க வேண்டாம் என நம் செயலாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். அவரும் அப்படியே செய்தார். பின்வரிசையில் அப்பாக்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், இரண்டு தாத்தாக்களும் வந்திருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம். இன்றைக்கு நாம் பேசப்போவது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எல்லா வீட்டிலும் குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயம். மருந்துக்கடையில் நாப்கினை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார்களே, அந்த விஷயம்.

வயதுக்கு வரும் பருவத்தில் இருக்கும் பெண்பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்களிடம் நான் கேட்ட கேள்விகளை ஐந்துக்குள் அடக்கிவிடலாம். "டாக்டர், எட்டு வயசுதான் ஆகுது, அதுக்குள்ள மார்பு தெரியுது, சீக்கிரம் பெரியவளாயிடுவாளா?" "வயசுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, மறுபடி வரவே இல்ல." "வந்தா நிக்கவே மாட்டேங்குது." "ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு எழுதியிருக்காங்க, பயமா இருக்கு." கடைசியாக, "அடுத்த வாரம் வீட்ல விசேஷம், தள்ளிப்போக ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க."

இந்த ஐந்துக்கும் விடை தெரிய வேண்டுமானால் ஓர் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம் கர்ப்பப்பை அல்ல. மூளை.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

மாதவிடாய் என்றதும் நாம் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறோம். ரத்தம் வருவது அங்கிருந்து என்பதால் அப்படி நினைக்கிறோம். உண்மையில் கர்ப்பப்பை சொன்னதைச் செய்யும் இடம். சொல்லும் இடம் மேலே இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி உண்டு. அளவு ஒரு பாதாம் பருப்புதான். பசி, தாகம், தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் கவனிப்பது அது. அதற்குக் கீழே ஒரு காம்பில் தொங்குகிறது பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி. மூன்றாவது, கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சினைப்பைகள். இந்த மூன்றும் நாள் முழுக்க ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பேச்சின் பெயர்தான் ஹார்மோன்.

ஹைபோதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் அனுப்புகிறது. அவை சினைப்பைக்குப் போய் வேலையைத் தொடங்கி வைக்கின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரக்கிறது. இந்த இரண்டும் கர்ப்பப்பை, மார்பு, எலும்பு, தோல் என்று உடம்பு முழுக்கப் போகின்றன. அதோடு, மூளைக்கும் திரும்பிப் போய் "வந்து சேர்ந்தது, போதும், குறைத்துக்கொள்" என்று சொல்கின்றன. நம் மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் கீழே மோட்டார் தானாக நிற்கிறதே, அதே ஏற்பாடு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜி.என்.ஆர்.எச். குழாயைத் திறந்துவிட்டதுபோல் தொடர்ந்து வராது. மணிக்கு ஒரு முறை என்ற கணக்கில், விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். இந்த ஹார்மோனின் அமைப்பை 1971-ல் கண்டறிந்தார்கள். அந்தத் துறையில் உழைத்த ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லெமின் இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது ஏன் துடிப்பாக வர வேண்டும் என்பதை அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் க்னோபில் என்ற விஞ்ஞானியின் குழு ரீசஸ் குரங்குகளை வைத்துக் காட்டியது. மணிக்கு ஒரு முறை சில நிமிடம் கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் கொடுத்தபோது பிட்யூட்டரி வேலையை நிறுத்திவிட்டது. கதவைத் தட்டினால் திறப்போம். நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம் இல்லையா?

1980-ல் அதே குழு இன்னொரு செய்தியை வெளியிட்டது. வயதுக்கு வராத குட்டிப் பெண் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை இந்த ஹார்மோனைக் கொடுத்தார்கள். அவை வளர்ந்த குரங்குகளைப்போல முட்டை வெளியிட்டு, மாதச் சுழற்சிக்கு வந்துவிட்டன. கொடுப்பதை நிறுத்தியதும் மறுபடி குட்டிப் பருவத்துக்கே திரும்பிவிட்டன. இதன் பொருள் என்ன? சிறுமியின் சினைப்பையும் பிட்யூட்டரியும் எப்போதோ தயார். அவை காத்திருப்பது மூளையின் தாளத்துக்காக.

எட்டு வருடம் பிடித்திருக்கும் பிரேக்

இந்தத் தாளம் முதன்முதலில் கேட்பது பன்னிரண்டு வயதில் அல்ல. பிறந்த முதல் சில மாதங்களிலேயே இந்த அமைப்பு ஒருமுறை விழித்துப் பார்க்கும். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு லேசாக வீங்கியிருப்பதைப் பாட்டிமார்கள் பார்த்திருப்பீர்கள். தாயிடமிருந்து வந்த ஹார்மோனும் அதற்கு ஒரு காரணம். சிலர் அதை அமுக்கிப் பால் எடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சீழ் வைத்துவிடும். தொடாமல் விட்டால் தானே வற்றிவிடும்.

பிறகு மூளை பிரேக் போட்டுவிடுகிறது. குழந்தைப் பருவம் முழுக்க அந்தப் பிரேக் இருக்கும். அதை எடுப்பதில் முக்கியப் பங்கு கிஸ்பெப்டின் என்ற ஒரு பொருளுக்கு உண்டு. 1996-ல் அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில் கண்டுபிடித்ததால், அந்த ஊர்ப் பெயரில் விற்கும் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டின் நினைவாக அந்தப் பெயர் வைத்தார்கள். 2003-ல்தான் அதன் உண்மையான வேலை தெரிந்தது. அதன் சொல்லை வாங்கிக்கொள்ளும் இடத்தில் குறை இருந்தவர்கள் பருவமே அடையவில்லை.

பிரேக்கை எடுக்கும் முன் மூளை இன்னொன்றையும் விசாரிக்கிறது: குதிரில் நெல் இருக்கிறதா? கர்ப்பம் தாங்க உடம்பில் சேமிப்பு வேண்டுமே. நம் உடலின் கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்பி "இருக்கிறது" என்று தகவல் சொல்கிறது. 1994-ல் கண்டறிந்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் 16, 17 வயதில் வயதுக்கு வந்தார்கள். சாப்பாடும் ஆரோக்கியமும் முன்னேறியபோது அது 13-ஐ ஒட்டி இறங்கியது. நம் பாட்டிகள் பதினைந்தில் என்றால் பேத்திகள் பன்னிரண்டில் வருவதற்கும் பெரிய காரணம் இதுதான்.

இங்கே ஒருவர் கட்டாயம் பிராய்லர் கோழியைப் பற்றிக் கேட்பீர்கள். கோழி ஆறு வாரத்தில் வளர்வது ஊசியால் அல்ல. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், அதற்கென்று தயாரித்த தீவனம், இவைதான் காரணம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். சாப்பாட்டோடு உள்ளே போனால் பருப்பைப்போல அதுவும் செரித்துப் போகும். கோழியைத் திட்டுவதை விட, எண்ணெயில் பொரித்த தீனியையும், பாட்டிலில் வரும் குளிர்பானத்தையும், மாலையில் கீழே இறங்கி விளையாடாமல் போனோடு உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். எடை கூடிய பெண்குழந்தைகள் சற்று முன்னதாகப் பருவமடைகிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

எது முதலில், எது பிறகு?

பருவம் அடைவது ஒரே நாளில் நடப்பதாக நம் வழக்கம் வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றும் நாள், தாய்மாமன் சீர், மண்டபம், புகைப்படம். ஆனால் உடம்பைப் பொறுத்தவரை அந்த நாள் கிட்டத்தட்டக் கடைசிக் கட்டம். தொடக்கம் இரண்டு, இரண்டரை வருடம் முன்பே நடந்துவிட்டது. அதுவும் இரவில். பருவத்தின் முதல் எல்.எச். துடிப்புகள் குழந்தை தூங்கும்போதுதான் தொடங்குகின்றன.

வெளியே தெரியும் முதல் அடையாளம் மார்புக் காம்புக்கு அடியில் ஒரு சின்ன மொட்டு. பல பேருக்கு ஒரு பக்கம் மட்டும் முதலில் வரும், தொட்டால் வலிக்கும். அதைக் கட்டி என்று நினைத்து அலறி வருபவர்கள் உண்டு. சில மாதத்தில் மறுபக்கமும் வந்துவிடும். அடுத்து ரோம வளர்ச்சி, திடீர் உயரம். கடைசியில்தான் முதல் மாதவிடாய். அதற்குப் பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரைதான் உயரம் கூடும். ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளரும் முனைகளை மூடத் தொடங்கிவிடும். ஆகவே, சடங்கு முடிந்த பிறகு "உயரம் கூட டானிக் கொடுங்க" என்று கேட்பது ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது போல. கவனிக்க வேண்டிய காலம் அந்த மொட்டு தெரியும் காலம்.

சில எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வயது முடிவதற்குள் மார்பு வளர்ச்சி தொடங்கினால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பையன்களுக்கு ஒன்பது. 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே இல்லை, அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். "எங்க வீட்ல எல்லாருக்கும் லேட்டுதான்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மிகச் சீக்கிரம் தொடங்கிவிட்ட சில குழந்தைகளுக்கு ஊசி போட்டுத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியும். அந்த ஊசி மருந்து ஜி.என்.ஆர்.எச். போன்றதுதான், ஆனால் இடைவிடாமல் வேலை செய்யும். அந்தக் குரங்குகளிடம் கற்ற பாடம் இன்று நம் குழந்தைகளுக்கு மருந்தாகிறது.

ஒரு மாதத்தில் நடப்பது

ரத்தம் பட்ட முதல் நாள்தான் முதல் நாள் என்று கணக்கு. அந்த நாட்களில் எஃப்.எஸ்.எச். சினைப்பையில் சில முட்டைகளை எழுப்பிவிடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்ன நீர்க்குமிழுக்குள் இருக்கும். ஒரு வாரத்தில் ஒரு குமிழ் முந்திக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். முந்திய குமிழ் ஈஸ்ட்ரோஜனை அதிகமாகச் சுரக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்ளே செங்கல் அடுக்குவதுபோல உள்படலத்தை வளர்க்கும்.

முன்பு தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும் என்றேன். மாதத்தில் ஒரு முறை மட்டும் இது தலைகீழாக நடக்கும். ஈஸ்ட்ரோஜன் மிக உயர்ந்து, ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால், மூளை அதைக் "குறை" என்று எடுத்துக்கொள்ளாமல் "முட்டை தயார்" என்று எடுத்துக்கொள்ளும். எல்.எச். சட்டென்று பொங்கும். அது தொடங்கி சுமார் ஒன்றரை நாளில் குமிழ் வெடித்து முட்டை வெளியே வரும். உடைந்த குமிழ் வீணாகாது. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அடுக்கிய செங்கலுக்குப் பூச்சு வேலை செய்வது புரோஜெஸ்டிரோன். கர்ப்பம் தரிக்காவிட்டால் இந்தச் சுரப்பி சுமார் 14 நாளில் வாடிவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும். பூச்சு உதிரும். அந்த இறக்கம்தான் மாதவிடாய்.

பின்பாதி எல்லோருக்கும் கிட்டத்தட்ட 14 நாள்தான். கூடிக் குறைவது முன்பாதி. தேர்வு, காய்ச்சல், ஊர்ப்பயணம், தூக்கக் கெடுதி, இவற்றால் "நாள் தள்ளிப்போச்சு" என்றால், அந்த மாதம் முட்டை தாமதமாக வந்தது என்று பொருள். ஹைபோதலாமஸ்தானே பசியையும் தூக்கத்தையும் கவலையையும் கவனிப்பது? அங்கே குழப்பம் என்றால் காலண்டரில் தெரியும். சாப்பாட்டைக் குறைத்து, எடை வேகமாக இறங்கிய பெண்ணுக்கு மாதவிடாயே நின்றுபோவதும் இதனால்தான். குதிர் காலி என்று மூளை தீர்மானித்துவிட்டது. அப்போது ஈஸ்ட்ரோஜனும் இல்லாததால் எலும்பும் பலம் இழக்கும். "டயட்ல இருக்கா, நல்லதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று வருடம்

இப்போது அம்மாக்களின் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தலைகீழ் வேலை, ஈஸ்ட்ரோஜன் ஏறினால் எல்.எச். பொங்குவது, வயதுக்கு வந்த உடனே கைவராது. சைக்கிள் பழகும் குழந்தை போல. முதல் வருடங்களில் பல மாதங்கள் முட்டை வராமலே போகும். முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. செங்கல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, பூச்சு இல்லை. ஒரு நாள் அங்கங்கே சரியத் தொடங்கும். அதனால்தான் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு வந்தால் நிற்காமல் போவது.

ஆகவே இந்த வயதில் 21 நாள் முதல் 45 நாள் வரை எப்போது வந்தாலும் பயப்பட வேண்டாம். ஏழு நாளுக்குள் நின்றுவிட வேண்டும். மூன்றாவது வருடத்தில் பெரும்பாலோருக்கு ஒழுங்குக்கு வந்துவிடும். ஆனால் ஒரே ஒரு முறையானாலும் 90 நாளுக்கு மேல் வரவில்லை என்றால் காட்டுங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது திடீரென்று குலைந்தாலும் காட்டுங்கள். தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு ஹார்மோன்களின் கோளாறும் இதே வழியில்தான் வெளியே தெரியும்.

ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலங்கி வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். சற்று முன் சொன்னேனே, முட்டை இருக்கும் சின்ன நீர்க்குமிழ்கள், வளரும் பெண்ணின் சினைப்பையில் அவை இயல்பாகவே நிறையத் தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்ய வேண்டாம் என்று 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் பார்க்க வேண்டியவை இரண்டு: சுழற்சி தொடர்ந்து ஒழுங்கில்லாமல் இருக்கிறதா, ஆண் ஹார்மோன் கூடியிருக்கிறதா? மேலுதட்டிலும் தாடையிலும் கருமையான முடி, அடங்காத முகப்பரு, ரத்தப் பரிசோதனை, இவை இரண்டாவதைச் சொல்லும். கழுத்தின் பின்புறம் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்துக் குளித்துப் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "உனக்குக் குழந்தை பிறக்காது" என்று உறவுக்காரர்கள் சொல்லும் அளவுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது பொய். அந்தச் சொல் அவள் மனதில் பல வருடம் தங்கும்.

"அப்படித்தான் இருக்கும்" என்ற சொல்

நம் வீடுகளில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. சாதாரணமானதைக் கண்டு பயப்படுவது ஒன்று. பயப்பட வேண்டியதைச் சாதாரணம் என்று சொல்லிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து.

ஒரு மாதவிடாயில் இயல்பாகப் போகும் ரத்தம் மொத்தமே 30 முதல் 40 மி.லி., இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். யாரும் அளக்க முடியாது, ஆனால் எண்ண முடியும். மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று நாப்கின் நனைகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? பெரிய கட்டிகளாகப் போகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? அப்படியென்றால் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று அம்மா சொல்லக் கூடாது. அம்மாவுக்கும் அதே குறை இருந்திருக்கலாம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1926-ல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வரும் ரத்தம் உறையாத நோயைப் பற்றி எழுதினார். அவரிடம் முதலில் வந்தது ஐந்து வயதுச் சிறுமி. அந்தக் குழந்தை 13 வயதில் தன் நான்காவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிற்காமலே இறந்தாள். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு முதல் மாதவிடாயிலிருந்தே மிக அதிகமாகப் போகிறது, பல் துலக்கினால் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், லேசாக இடித்தாலே கன்றிப் போகிறது என்றால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவ்வளவு அரிதான நோய்க்குப் போக வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றில் ஐம்பத்தொன்பது! படித்தது மறக்கிறது, மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பச்சரிசியையும் பல்பத்தையும் மெல்லுகிறாள் என்றால் திட்டாதீர்கள், ஹீமோகுளோபின் பாருங்கள். உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நல்லதே. அது பதினாறு நாளோடு நிற்காமல் தொடரட்டும். முட்டையைப் பச்சையாக மட்டும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது கர்ப்பப்பையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, தசையை இறுக்குகிறது. வலி அதனால்தான். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் ஒன்றிரண்டு நாள் எடுத்தால் கர்ப்பப்பை கெடாது, பழக்கமும் ஆகாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டும் மாதாமாதம் பள்ளிக்கு லீவு எடுக்கும் அளவுக்கு வலி இருந்தால் அது வெறும் வலி அல்ல. காட்டுங்கள்.

தள்ளிப்போடும் மாத்திரை

கடைசிக் கேள்வி. கல்யாணம், கோயில், கிரகப்பிரவேசம் என்றால் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கி வருகிறார்கள். அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். அது செயற்கைப் புரோஜெஸ்டிரோன். உண்மையான புரோஜெஸ்டிரோன் இறங்கிவிட்டாலும், "பூச்சு இன்னும் இருக்கிறது" என்று கர்ப்பப்பையை நம்ப வைக்கிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரும்.

எப்போதாவது ஒருமுறை, மருத்துவரைக் கேட்டு எடுத்தால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு தனக்கோ நெருங்கிய உறவுக்கோ இருந்தால், கல்லீரல் நோய் இருந்தால், கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் ஆபத்து. மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார். வயதுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத, தாளமே பழகாத பெண்ணுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை கொடுப்பது, அவள் உடம்பு எழுதும் குறிப்பை நாமே அழிப்பதற்குச் சமம். உங்கள் வீட்டு வழக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாத்திரையை அவள் கையில் கொடுக்கும் முன், அவளிடம் கேட்டீர்களா?

பையன்களுக்கும் இதே ஹார்மோன்தான்

அதே ஜி.என்.ஆர்.எச்., அதே எஃப்.எஸ்.எச்., அதே எல்.எச். போய்ச் சேரும் இடம் விதைப்பை, வருவது டெஸ்டோஸ்டிரோன். குரல் உடைவதும் மீசை அரும்புவதும் எல்லோருக்கும் தெரியும். பல பையன்களுக்கு அந்த வயதில் மார்பு லேசாக வீங்கும் என்பது பலருக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல், சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, நீச்சல் வகுப்பை விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் தானே போய்விடும். அப்பாக்களே, இதை நீங்கள்தான் அவனிடம் சொல்ல வேண்டும். அதோடு, அக்காவுக்கோ தங்கைக்கோ என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தெரிந்த பையன் கேலி செய்ய மாட்டான், கடையில் போய் நாப்கின் வாங்கி வருவான்.

நான் கேட்பது ஒன்றுதான். சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம், கேஸ் சிலிண்டர் போட்ட தேதியை எழுதுகிறோம். உங்கள் பெண்ணிடம் ஒரு சின்னப் பாக்கெட் காலண்டரைக் கொடுங்கள். முதல் நாளுக்கு ஒரு வட்டம், எத்தனை நாள் என்று ஓர் எண், எத்தனை நாப்கின் என்று ஓர் எண். அவ்வளவே. அது அவளுடையது, அவள் பையில் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போனால் போதும். ஆறு மாதக் குறிப்பு ஒரு ஸ்கேனை விட எங்களுக்கு அதிகம் சொல்லும். மூளை, தைராய்டு, சாப்பாடு, எடை, மனக்கவலை எல்லாம் அந்த வட்டங்களில் கையெழுத்துப் போட்டிருக்கும்.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவின் மகளுக்கும், நம் வாட்ச்மேனின் மகளுக்கும் ஒரு காலண்டர் வாங்கிக் கொடுங்கள். நூற்றில் ஐம்பத்தொன்பது என்ற கணக்கில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்ல வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் இப்போது கேளுங்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் போட வேண்டாம்.